கொள்ளைநோயிலும் தீயிலும் நிற்காத ஓர் ஆய்விதழ்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம். ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் ஒத்திப்போடாமல் இன்றே படித்துவிடுங்கள். காரணம் கடைசியில் தெரியும்.

'ஆய்விதழ்' என்ற சொல்லை நாளிதழில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். "இன்ன ஆய்விதழில் வெளியான கட்டுரையின்படி" என்று ஆரம்பித்துத்தான் காபி நல்லதா கெட்டதா என்பதுவரை எல்லாச் செய்தியும் வருகிறது. விஞ்ஞானி ஒருவர் தாம் கண்டதை எழுதி அனுப்புவார். அதே துறை தெரிந்த வேறு சிலர் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். திருத்தியபின் அது அச்சாகும். அதற்குப் பிறகும் யாராவது தவறு கண்டுபிடித்தால் அதுவும் அச்சாகும். இந்த ஏற்பாடு இயங்குகிற இடம்தான் ஆய்விதழ். இதை அரசர் யாரும் சட்டம் போட்டு ஏற்படுத்தவில்லை. பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் கைவேலையாகத் தொடங்கியது. தொடங்கிய மூன்றே ஆண்டுகளில் கொள்ளைநோய், பெருந்தீ, போர், சிறை என நான்கையும் அது பார்த்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பூட்டி வைத்த உண்மைகள்

முதலில், ஆய்விதழ் இல்லாத காலத்தில் அறிஞர்கள் என்ன செய்தார்கள்? ஒரு புதுமையைக் கண்டுபிடித்தால் இரண்டு பயம் வரும். வெளியே சொன்னால் இன்னொருவர் தம்முடையது என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் வைத்திருந்தால் வேறொருவர் தாமாகவே கண்டுபிடித்து முதலில் சொல்லிவிடுவார்.

இதற்கு அவர்கள் கண்ட வழி வேடிக்கையானது. கண்டதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, அந்தப் புதிரை மட்டும் வெளியிடுவார்கள். 1610இல் கலிலியோ சனிக் கோளைப் பற்றி அப்படித்தான் எழுதினார். சனியைச் சுற்றி வளையம் இருப்பதை ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1656இல் இதே முறையில் மறைத்து அறிவித்தார். சுருள்கம்பியின் நீட்சி பற்றிய ஹூக்கின் விதியைப் பள்ளியில் படித்தீர்களே, அதையும் அவர் 1676இல் எழுத்துக் குவியலாகத்தான் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதை அவிழ்த்துக் காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். உண்மை அச்சில் இருக்கிறது, ஆனால் யாருக்கும் பயன்படாது. வித்தையை மூடி வைத்தால்தான் உரிமை தங்கும் என்ற நிலை. வெளியே சொன்னாலும் உரிமை போகாது என்று யாராவது உறுதி கொடுத்தால்தான் அறிஞர்கள் வாய் திறப்பார்கள். அந்த உறுதியைக் கொடுக்க முன்வந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி ஓல்டன்பர்க்.

பிரெமன் ஊர்க்காரர்

ஓல்டன்பர்க் ஆங்கிலேயர் அல்லர். இன்றைய ஜெர்மனியில் உள்ள பிரெமன் நகரத்துக்காரர். 1653இல் அந்த நகரத்தின் தூதராக இங்கிலாந்து வந்தவர், பின்னர் அங்கேயே தங்கிவிட்டார். பல மொழிகள் தெரிந்தவர். அவர் பெரிய விஞ்ஞானி அல்லர், பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அவர் பெயரில் இல்லை. அவருக்குத் தெரிந்த கலை கடிதம் எழுதுவது. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் பிழையில்லாமல் கொண்டுசேர்ப்பதும், பதில் வராவிட்டால் விடாமல் நினைவூட்டுவதும் அவருக்குக் கைவந்தவை.

1660 நவம்பரில் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் தொடங்கியது. அதன் முதல் செயலாளர்களில் ஒருவராக ஓல்டன்பர்க் அமர்ந்தார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. இவற்றை மாதம் ஒருமுறை அச்சிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1665 மார்ச் மாதம் 'பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழின் முதல் எண் வந்தது. மொத்தமே 16 பக்கம். வியாழன் கோளில் ஹூக் கண்ட ஒரு புள்ளி, குளிர் பற்றிய பாயிலின் ஆராய்ச்சி, விகாரமாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டி, பெர்முடா தீவருகே திமிங்கில வேட்டை, கடலில் ஊசல் கடிகாரம் என்று எல்லாம் கலந்த கதம்பம். படிக்க இன்றைக்கும் சுவையாக இருக்கும்.

இதே ஆண்டு ஜனவரியில் பாரிஸில் 'ஜூர்னால் தே சாவான்' என்ற இதழ் வெளிவந்துவிட்டது. நாள் கணக்குப் பார்த்தால் அதுதான் மூத்தது. ஆனால் அதன் ஆசிரியர் நூல்களைப் பற்றித் துணிச்சலாக எழுதப்போய், அதிகாரத்தில் இருந்தவர்களின் வெறுப்புக்கு ஆளானார். மூன்றே மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு வேறொரு ஆசிரியரின் கையில்தான் அது மீண்டும் வந்தது. பிறந்த ஆண்டிலேயே ஆய்விதழ் என்னும் குழந்தைக்கு வந்த முதல் கண்டம் இது.

லண்டன் இதழுக்குச் சங்கத்தின் நிர்வாகக் குழு போட்ட தீர்மானத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அச்சிடலாம், போதிய விஷயம் இருந்தால் மட்டும். அச்சிடும் முன் உறுப்பினர் சிலர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. பக்கத்தை நிரப்புவதற்காக எழுதாதே, பிறர் பார்க்காமல் வெளியிடாதே என்பதுதான் அவற்றின் சாரம். கடிதம் வந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கமும் சங்கத்தில் இருந்தது. யார் முதலில் சொன்னார் என்ற சண்டைக்கு அந்தத் தேதியே சாட்சி. எழுத்துப் புதிருக்கு மெல்ல மெல்ல வேலை இல்லாமல் போயிற்று.

கொள்ளைநோய்

முதல் எண் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, லண்டனில் பிளேக் பரவியது. 1665 கோடையிலும் அதற்குப் பின்னும் வாரக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. செப்டம்பரில் ஒரே வாரத்தில் 7,000க்கும் மேற்பட்டோர் பிளேக்கால் இறந்ததாகப் பதிவு. அந்த ஆண்டின் பதிவேடுகளில் மட்டும் பிளேக் சாவுகள் 68,596. உண்மையில் ஒரு லட்சத்தை எட்டியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அரசவையே ஊரைவிட்டுப் போய்விட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடியதால்தான் நியூட்டன் என்ற இளைஞர் கிராமத்து வீட்டுக்குத் திரும்பினார். அதை நான் வகுப்பில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும்.

ராயல் சொசைட்டி ஜூன் கடைசியில் கூட்டங்களை நிறுத்தியது. உறுப்பினர்கள் திசைக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். ஓல்டன்பர்க் மட்டும் குடும்பத்தோடு லண்டனிலேயே இருந்தார். கடிதங்கள் அவர் வீட்டு முகவரிக்குத்தானே வருகின்றன!

ஜூலை மாதம் வந்த ஐந்தாம் எண்ணின் முடிவில் வாசகர்களுக்கு ஓர் அறிவிப்புப் போட்டார். நகரத்தில் தொற்று பரவுவதால் கடிதப் போக்குவரத்தும் கூட்டங்களும் தடைப்படலாம், அதனால் இதழும் சில காலம் நிற்க நேரிடலாம், ஆனாலும் தொடர முயல்வோம் என்பது அதன் கருத்து. 2020இல் நம் வீட்டுக்கு வந்த எத்தனை அறிவிப்புகள் இதே மாதிரி இருந்தன! ஒன்றைக் கவனியுங்கள். நிலைமையை மறைக்கவில்லை. எல்லாம் வழக்கம்போல் நடக்கும் என்று பொய்யும் சொல்லவில்லை.

சில மாதம் இதழ் நின்றது. நவம்பரில் ஆறாம் எண் வந்தது, ஆனால் லண்டன் அச்சகத்திலிருந்து அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகி வந்தது. ஆறு, ஏழு, எட்டு என மூன்று எண்கள் அங்கேதான் அச்சாயின. நோயில் சிக்கிய நகரத்தில் ஆசிரியர், வேறு நகரத்தில் அச்சுக்கூடம், நடுவில் தபால். இன்று 'வீட்டிலிருந்தே வேலை' என்கிறோமே, அதன் 17ஆம் நூற்றாண்டு வடிவம்!

அந்த இக்கட்டிலும் தரத்தில் அவர்கள் கைவைக்கவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டான்சிக் நகரத்தில் ஹெவேலியஸ் என்ற புகழ்பெற்ற வானியலாளர் இருந்தார். ராயல் சொசைட்டியின் உறுப்பினர், ஓல்டன்பர்க்கோடு கடிதத் தொடர்பு உள்ளவர். அப்போது வானில் தோன்றிய வால்நட்சத்திரம் ஒருநாள் எந்த இடத்தில் இருந்தது என்பதில் அவருக்கும் பிரெஞ்சு வானியலாளர் ஓசூவுக்கும் தகராறு. இரண்டு பேருமே பெரியவர்கள். சங்கம் பல நாட்டு வானியலாளர்களின் குறிப்புகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தது. 1666 தொடக்கத்தில், ஹெவேலியஸ் சொன்ன இடத்தில் வால்நட்சத்திரம் இல்லை என்ற முடிவு இதழில் வெளிவந்தது. நம்மவர் என்று சலுகை காட்டவில்லை. அதே சமயம் அவரை அவமானப்படுத்தவும் இல்லை, அவர் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கலாம் என்று மரியாதையாகவே எழுதினார்கள்.

தீ

நோய் தணிந்து சங்கம் மறுபடி கூடத் தொடங்கிய அதே ஆண்டில், 1666 செப்டம்பர் 2ஆம் தேதி ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ லண்டன் நகரத்தையே எரித்தது. 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின.

புத்தக வியாபாரிகளின் கதை இதில் மிகவும் பரிதாபமானது. செயின்ட் பால் பெருந்தேவாலயத்தைச் சுற்றித்தான் புத்தகக் கடைகள் இருந்தன. தீ நெருங்கியதும், கல்லால் கட்டிய கட்டடம்தானே, இதற்கு என்ன ஆகப்போகிறது என்று நம்பி, தேவாலயத்தின் அடியில் இருந்த நிலவறையில் புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள். தேவாலயத்தின் கூரையே இடிந்து விழுந்தது. நிலவறையும் அதிலிருந்த புத்தகங்களும் சாம்பலாயின. ராயல் சொசைட்டியின் அச்சு வேலையை ஏற்றிருந்த புத்தக வியாபாரிகளுக்கும் பெருநஷ்டம். இதழை அச்சிடவே அவர்கள் தயங்கினார்கள். சங்கம் கூடி வந்த கிரஷாம் கல்லூரிக் கட்டடம் தீயில் தப்பியது. ஆனால் நகர நிர்வாகத்துக்கு இடம் தேவைப்பட்டதால் சங்கம் அதைக் காலி செய்து அருண்டல் மாளிகைக்குப் போக வேண்டியதாயிற்று.

அச்சகம், கட்டடம், பணம் மூன்றும் ஆட்டம் கண்டுவிட்டன. இதழ் மட்டும் நிற்கவில்லை. ஓல்டன்பர்க்குக்கு இதனால் ஏதோ கொழுத்த வருமானம் என்று நினைத்துவிடாதீர்கள். இதழின் லாபத்தில் குடும்பம் நடத்தலாம் என்று அவர் போட்ட கணக்குப் பலிக்கவே இல்லை. செயலாளர் வேலைக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு என்று சங்கம் சம்பளம் ஒதுக்கியதே 1669இல்தான்.

சிறை

மூன்றாவது ஆண்டு போர். இங்கிலாந்தும் ஹாலந்தும் கடலில் மோதிக்கொண்டிருந்தன. பிரான்சும் ஹாலந்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. எதிரி நாடுகளிலிருந்து ஒருவருக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் அரசு சும்மா இருக்குமா? ஓல்டன்பர்க் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு 'கிரூபெண்டோல்' என்று ஒரு பெயர் உண்டாக்கி, வெளிநாட்டுக் கடிதங்களை அந்தப் பெயருக்கு வரவழைத்தார். அந்தக் கடிதங்கள் அரசு அலுவலகத்தின் வழியாகவே வரும். தபால் செலவு மிச்சம். பதிலுக்கு, அவற்றில் உள்ள அரசியல் செய்திகளை அவர் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அதாவது, அரசுக்குத் தெரிந்தேதான் எல்லாம் நடந்தது.

இருந்தும் 1667 ஜூனில், ஹாலந்துக் கப்பற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்துவிட்டுப் போன அவமானத்துக்குப் பிறகு, அரசுக்கு எவர்மீதும் சந்தேகம். ஓல்டன்பர்க்கைப் பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 26 வரை இரண்டு மாதத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். அப்போதைய நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ், இந்தக் காலத்தில் கடிதம் எழுதுவதே ஆபத்தாகிவிட்டது என்ற பொருள்படக் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் உள்ளே இருந்தபோது ஜூலையில் 27ஆம் எண் வேறொருவர் பொறுப்பில் வெளியானது. பிரெஞ்சு மருத்துவர் டெனி, மிருக இரத்தத்தை மனித உடலில் செலுத்தியதைப் பற்றி எழுதிய கடிதம் அதில் இருந்தது. இரத்தம் ஏற்றும் முயற்சியில் முதலில் இறங்கியவர் யார் என்பதில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் கடும் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஓல்டன்பர்க் வெளியே வந்ததும் அந்த ஜூலை எண்ணை ஏற்க மறுத்தார். செப்டம்பரில் அதே 27ஆம் எண்ணை வேறு உள்ளடக்கத்தோடு தாமே அச்சிட்டார். அதில் ஆங்கிலேயரின் முன்னுரிமையை எடுத்துச் சொன்னார்.

இந்த இடத்தில் வரலாற்று மாணவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தம் பார்வைக்கு வராமல் வெளியானதற்குத் தாம் பொறுப்பேற்க முடியாது என்று ஓர் ஆசிரியர் சொல்வது நியாயம். ஆனால் அதோடு நாட்டுப்பற்றும் கலந்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது. அப்போதுதான் தேசத் துரோகி என்ற சந்தேகத்தில் சிறையிருந்து வந்த அயல்நாட்டுக்காரர் அவர். எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்று அவருக்குத் தெரியாதா? எந்த ஆசிரியரும் தம் காலத்தின் நெருக்குதலிலிருந்து முழுக்கத் தப்புவதில்லை. அதனால்தான் ஒரே மனிதரின் நேர்மையை மட்டும் நம்பி ஓர் ஆய்விதழை நடத்தக்கூடாது என்று பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

எதிரி நாட்டுத் துணி வியாபாரி

அதற்கு முன் அவருடைய பெருமைக்கு ஒரு சான்று. 1672இல் ஹாலந்தோடு மறுபடியும் போர் மூண்டது. போர் நடக்கும்போதே, 1673இல், டெல்ஃப்ட் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லீவன்ஹூக், துணி வியாபாரி. கல்லூரிப் படிப்பு இல்லை, லத்தீன் தெரியாது. தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளால் பூஞ்சையையும் தேனீயையும் பார்த்து எழுதியிருந்தார். எதிரி நாட்டான், வியாபாரி, படிக்காதவன் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒருமுறை கோபுரச் சிறையைப் பார்த்துவந்த ஓல்டன்பர்க் அப்படிச் செய்யவில்லை. மொழிபெயர்த்து அச்சிட்டார்.

1676 அக்டோபரில் அதே மனிதரிடமிருந்து இன்னொரு நீண்ட கடிதம். மழை நீரிலும் மிளகு ஊறவைத்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆயிரக்கணக்கில் நெளிகின்றன என்று எழுதியிருந்தார். உலகம் முதன்முதலாக பாக்டீரியாவைப் பற்றிக் கேள்விப்பட்டது அந்தக் கடிதத்தில்தான். நம்ப முடியாத செய்தி. சங்கத்தார் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சாட்சி கேட்டார்கள். லீவன்ஹூக் போதகர்களும் நோட்டரியும் உட்பட எட்டுப் பேரின் எழுத்துமூலச் சாட்சியத்தை அனுப்பினார். சங்கத்துக்கு அதுவும் போதவில்லை. தானே செய்து பார்க்க வேண்டும் என்றது. ஹூக் முதலில் முயன்றபோது ஒன்றும் தெரியவில்லை. விடாமல் கருவியைச் செம்மைப்படுத்தி, 1677 நவம்பர் 15ஆம் தேதி, கூடியிருந்தவர்கள் கண்ணெதிரே மிளகு நீரில் அந்த உயிர்களைக் காட்டிவிட்டார். மூன்றாண்டு கழித்து அந்தத் துணி வியாபாரியைச் சங்கம் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஓல்டன்பர்க் அதைப் பார்க்கவில்லை. அந்தச் செப்டம்பரிலேயே இறந்துவிட்டார்.

ஒருவர் போனால்?

அவர் போனதும் இதழ் தள்ளாடியது. சில எண்களுக்குப் பிறகு நின்றே போனது. ஹூக் வேறு பெயரில் ஓர் இதழ் நடத்திப் பார்த்தார். 1683இல்தான் பழைய பெயரில் மீண்டும் வந்தது. அதற்குப் பிறகும் செயலாளரைப் பொறுத்தே இதழின் தரம் ஏறியும் இறங்கியும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஹில் என்பவர், இதழில் வந்த அசட்டுக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் போட்டுக் கிண்டல் செய்து 1751இல் ஒரு புத்தகமே எழுதினார். சங்கத்தில் உறுப்பினராக முடியாத கோபம் அவருக்கு இருந்தது உண்மைதான். ஆனால் கோபக்காரன் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் அல்லவா?

1752இல் சங்கம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தது. குறைந்தது ஐந்து பேர் கூட வேண்டும், இரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்ய வேண்டும் என்று விதி வைத்தது. எவ்வளவு பெரிய மனிதர் கட்டுரை கொடுத்தாலும் முகதாட்சண்யம் பார்க்காமல் மறுக்க அந்த இரகசிய வாக்கு வழி செய்தது. பிறகு 1832 வாக்கில், கட்டுரை ஒவ்வொன்றையும் துறை அறிந்தவர்கள் படித்து எழுத்துமூலம் அறிக்கை தரும் வழக்கம் வந்தது. வானியலாளர் ஏரியின் கட்டுரையைப் படித்த முதல் இருவரான ஹ்யூவெல், லப்பாக் ஆகியோருக்கு இடையே கருத்து ஒத்துப்போகவே இல்லை! ஒருவர் கட்டுரையின் சிறப்பைச் சொல்ல விரும்பினார், மற்றவர் குறைகளைச் சொன்னார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் சக அறிஞர் மதிப்பாய்வு முதல் நாளே சண்டையோடுதான் தொடங்கியது.

நம் ராமானுஜனும் பண நெருக்கடியும்

இந்த வரலாற்றில் நம் கும்பகோணத்துக்காரருக்கும் ஓர் இடம் உண்டு. ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. மறு ஆண்டு அவருடைய நீண்ட கட்டுரை ஒன்றை லண்டன் கணிதச் சங்கம் தன் இதழில் வெளியிட்டது. நிறைய வகுஎண்கள் உடைய எண்களைப் பற்றிய கட்டுரை அது. போர்க் காலத்தில் சங்கத்துக்குப் பண நெருக்கடி. அதனால் அவர் எழுதியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டே அச்சிட்டார்கள்.

கவனியுங்கள், பக்கத்தைக் குறைத்தார்கள். அச்சான பகுதியில் நிரூபணத்தைக் குறைக்கவில்லை. விட்டுப்போன பகுதியின் கையெழுத்துப் பிரதியும் அழியாமல் இருந்தது. 1997இல், ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஓர் ஆய்விதழின் முதல் தொகுதியில், இரண்டு பிரெஞ்சு கணித அறிஞர்களின் குறிப்புகளோடு அது வெளிவந்தது. 82 ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள்! நெருக்கடியில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் காலத்துக் கொள்ளைநோய்

2020இல் கொரோனா வந்தபோது ஆய்விதழ்களுக்கு மீண்டும் அதே சோதனை. மாதக்கணக்கில் மதிப்பாய்வுக்குக் காத்திருந்தால் நோயாளிகள் இறந்துகொண்டிருப்பார்கள். எனவே மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைக்கும் 'முன்அச்சு' முறை மருத்துவத்திலும் பெரிதாகப் பரவியது. இயற்பியலாளர்கள் 1991 முதலே இதைச் செய்து வருகிறார்கள். "இது இன்னும் சரிபார்க்கப்படாதது" என்று தலைப்பிலேயே எழுதி வைத்தால் இது நேர்மையான மாற்றம்தான். ஓல்டன்பர்க் ஐந்தாம் எண்ணில் போட்ட அறிவிப்புக்கு இதைப் பேரப்பிள்ளை எனலாம்.

ஆனால் அதே அவசரத்தில் ஒரு பெரிய விபத்தும் நடந்தது. 2020 மே 22 அன்று, உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று மலைக்க வைக்கும் கணக்கு. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. படித்தவர்கள் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் இறந்தவர்கள் என்று கட்டுரை சொன்ன எண், அந்த நாட்டு அரசு சொன்னதைவிட அதிகமாக இருந்தது! நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். மூலத் தரவைக் காட்டுங்கள் என்றபோது, அதை வைத்திருந்த தனியார் நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 13 நாள்தான் ஆயுள்.

லீவன்ஹூக்கின் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஊர் பெயர் தெரியாத வியாபாரியிடம் எட்டுச் சாட்சி கேட்டு, அதுவும் போதாமல் தாங்களே செய்து பார்த்தார்கள். இங்கே பெரிய பெயர்களையும் பெரிய எண்களையும் பார்த்து, தரவைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். ஆனாலும் 13 நாளில் தவறு வெளியே வந்ததே, வெளியிட்ட இதழே அதை அறிவித்ததே, அதுவும் ஆய்விதழ் மரபுதான். தவறே வராது என்று அந்த மரபு வாக்குக் கொடுக்கவில்லை. வந்தால் மறைக்க மாட்டோம் என்றுதான் கொடுத்தது.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்து இன்று ஆராய்ச்சி செய்யும் சிலர் அவ்வப்போது போனில் கேட்பது இது: "ஐயா, ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரையைப் போட்டுவிடுவார்களாம். கட்டலாமா?" வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள். வழிகாட்டி அவசரப்படுத்துகிறார். வீட்டில் வயது போகிறது என்கிறார்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை.

பணம் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. படிப்பவரிடம் சந்தா வாங்குவதற்குப் பதில் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கி, எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்கும் நல்ல இதழ்களும் உண்டு. மூன்று நாளில் யார் படித்துப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. யாரும் படிக்காமல் அச்சாகிறது என்றால் அது ஆய்விதழ் அல்ல, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். அந்த அச்சகத்தில்கூட நம்மிடம் ஒருமுறை பிழை பார்க்கச் சொல்வார்கள்!

இது சின்ன விஷயமும் அல்ல. 2018 மே மாதம் நம் பல்கலைக்கழக மானியக் குழு, தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அவற்றில் எழுதிய எத்தனை பிள்ளைகளின் உழைப்பு கணக்கில் வராமல் போயிருக்கும்! 2023இல் உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இப்போது கட்டுரையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இதுவும் ஒரு பெருந்தீதான். இதை எதிர்த்துக் கூச்சல் போடுவதில் பயனில்லை. அச்சகம் போனால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியதுபோல் கருவிகள் மாறட்டும்.

ஆனால் கட்டுரையை அனுப்புமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இதழில் என் கட்டுரையைத் துறை தெரிந்த ஒருவர் படித்துக் குறை சொல்வாரா? மூலத் தரவைக் காட்டு என்றால் என்னால் எடுத்து நீட்ட முடியுமா? நாளை நான் எழுதியது தவறு என்று ஒருவர் எழுதினால், அதையும் இதே இதழ் வெளியிடுமா? கட்டுரையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், யார் துணையோடு, எந்தக் கருவியோடு எழுதியிருந்தாலும், என் பெயரில் நான் பதில் சொல்வேனா? நான்குக்கும் ஆம் என்றால் தயங்காமல் அனுப்புங்கள், அது சிறிய இதழாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு இல்லை என்றாலும் கொஞ்சம் பொறுங்கள். ஆறு மாதம் தாமதமானால் குடி முழுகிப் போகாது. உங்கள் பெயர் ஒருமுறை கெட்டுப்போனால், அதை மீட்க ஆறு வருடமும் போதாது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை இருந்தால், "இன்னும் முடிக்கவில்லையா?" என்று பந்தியில் வைத்துக் கேட்காதீர்கள். "என்ன கண்டுபிடித்தாய், எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை குறுக்கு வழியில் போவது அரிது.

படித்து முடித்தவர்கள், ஆய்விதழில் கட்டுரை அனுப்பித் திரும்பி வந்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்தச் சொல்லி அவர்கள் அனுப்பிய குறிப்பு எப்படி உதவியது என்பதையும் சேர்த்து எழுதினால், இப்போது ஆராய்ச்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தெம்பாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்